பழைய ஸ்ட்ராட் வாங்கப் போகிறீர்களா? எந்த வகை என்று நீங்களே கண்டுபிடிக்கும் முறை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் கைமாறுவது பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகத்தான். மெல்லிசைக் குழுவில் வாசித்தவர் விற்பார், கல்லூரி முடித்துப் போகிற பையன் விற்பார், வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தக்காரர் விட்டுச் சென்றதை வீட்டார் விற்பார்கள். "அமெரிக்கன் பீஸுங்ணா, மாமா துபாயில இருந்து கொண்டாந்தது" என்பார்கள். பெரும்பாலும் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. அவர்களிடமும் யாரோ அப்படித்தான் சொல்லி விற்றிருப்பார்கள்.

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில், சுருக்கமாக ஸ்ட்ராட்டில், இந்தக் குழப்பம் அதிகம். இரண்டு கொம்பு, மூன்று பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்), மூன்று குமிழ் என்று தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கலிஃபோர்னியாவின் கொரோனாவில் செய்ததும், மெக்ஸிகோவின் என்செனாடாவில் செய்ததும், ஜப்பானில் செய்ததும், இந்தோனேசியாவிலும் சீனாவிலும் ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையர் பெயரில் செய்ததும் விலையில் பல மடங்கு வேறுபடும். கையில் எடுத்து, அளந்து, தேவைப்பட்டால் திறந்து பார்த்து வகையைக் கண்டுபிடிப்பதற்கான வழி இது.

1. வரிசையை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

புதிதாக வாங்க வருபவர்கள் எல்லோரும் முதலில் செய்வது, தலையில் உள்ள சீரியல் எண்ணைப் படம் எடுத்துப் போனில் தேடுவது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

காரணம் இதுதான்: ஸ்ட்ராட்டின் நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீளக் கழுத்து, பெரும்பாலும் நான்கு ஸ்க்ரூவில்தான் பாடியோடு நிற்கிறது. அரை மணி நேரத்தில் கழற்றி வேறு நெக் மாட்டிவிடலாம். 1976 முதல் சீரியல் எண் பெரும்பாலான மாடல்களில் நெக்கின் தலையில்தான் இருக்கிறது. ஆக, அந்த எண் நெக்கைப் பற்றி மட்டும் பேசும். அடியில் இருக்கும் பாடியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. போதாததற்குத் தலையில் உள்ள பெயர் வெறும் ஒட்டுப்படம். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பனியனில் தைத்திருக்கும் லேபிளைப் பார்த்து அது எங்கே தயாரானது என்று அங்கே யாரும் முடிவு செய்வதில்லை.

அதனால் மாற்றுவதற்குக் கடினமானதை முதலில் பாருங்கள், எளிதாக மாற்றக்கூடியதைக் கடைசியில் பாருங்கள். பாடியின் கனத்தை, அதாவது தடிமனை, யாராலும் கூட்ட முடியாது. ஸ்ட்ரிங்குகள் பாடியில் ஊன்றி நிற்கும் பிரிட்ஜுக்குத் துளைத்த துளையை மாற்றுவது பெரிய வேலை. நெக்கை மாற்றுவது சுலபம். ஒட்டுப்படம் அதைவிடச் சுலபம்.

2. கையோடு கொண்டுபோக வேண்டியவை

வெர்னியர் காலிபர் ஒன்று. கோவையில் இதற்குப் பஞ்சமே இல்லை. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரு மாலைக்குக் கொடுப்பார்கள். 150 மில்லிமீட்டர் காலிபர் போதும்.

நடுத்தர அளவு பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, முனை தேயாததாக. தேய்ந்த முனை ஸ்க்ரூ தலையைச் சிதைத்துவிடும், அப்புறம் விற்பவர் முகம் மாறும். போன் டார்ச், துணி, ஸ்க்ரூக்களைப் போட்டு வைக்க ஒரு கிண்ணம், ஒன்பதாம் நம்பர் ஸ்ட்ரிங் செட் ஒன்று. ஸ்ட்ரிங்கை எதற்கு எடுத்துப் போகிறோம் என்பது ஆறாவது படியில் தெரியும்.

இன்னொன்று, அனுமதி. போனிலேயே கேட்டுவிடுங்கள்: "பின் மூடியையும் ஜாக் பிளேட்டையும் கழட்டிப் பாத்துக்கலாமுங்களா?" இதற்கு மறுப்பவரிடம் ஸ்குவையர் விலைக்கு மேல் பேசாதீர்கள்.

3. பாடியின் கனத்தை அளக்கவும்

முழு அளவு ஸ்ட்ராட் பாடியின் கனம் 44 முதல் 45 மில்லிமீட்டர். அமெரிக்கன், மெக்ஸிகன் இரண்டும் இதுதான். ஸ்குவையரின் மலிவு வரிசைகளான புல்லட்டும் பெரும்பாலான அஃபினிட்டிகளும் மெலிந்தவை; 40-ஐ ஒட்டி வரும். ஸ்குவையரிலேயே உயர்ந்த வரிசையான கிளாசிக் வைப் முழுக் கனத்தை ஒட்டியிருக்கும்.

அளக்கும் இடம் முக்கியம். பாடியின் விளிம்பு உருட்டி விடப்பட்டிருக்கும், முழங்கை படும் இடமும் வயிறு படும் இடமும் சீவப்பட்டிருக்கும். அங்கே அளந்தால் எந்தக் கிட்டாரும் மெலிந்ததாகத்தான் தெரியும். கீழ்ப்பக்க ஸ்ட்ராப் பட்டனுக்கு அருகே, காலிபரின் தாடையை விளிம்பில் இருந்து 20 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் சமதளத்தில் உட்கார வைத்து அளக்கவும். தாடைக்கும் பெயின்டுக்கும் நடுவே காகிதம் வைத்துவிட்டு அதன் கனத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். கீறல் விழுந்தால் வாங்காமல் திரும்ப முடியாது.

40-ஐ ஒட்டி வந்தால் தலையில் என்ன பெயர் இருந்தாலும் பாடி ஸ்குவையர்தான் என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம். 44-க்கு மேல் வந்தால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை. மலிவுப் பாடி இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

4. பிரிட்ஜ்: ஆறு ஸ்க்ரூவா, இரண்டு தூணா?

அதிகம் சொல்லித்தருகிற இடம் இதுதான், அதிகம் பேர் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

பிரிட்ஜின் முன் விளிம்பைப் பாருங்கள். ஆறு ஸ்க்ரூ வரிசையாக இருந்தால் பழைய பாணி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு தூண் மட்டும் இருந்தால் 1987-இல் அமெரிக்கன் ஸ்டாண்டர்டோடு வந்த பாணி. "இரண்டு தூண் என்றால் அமெரிக்கன்" என்ற வாய்மொழி அங்கே இருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் ஓரளவு சரியாக இருந்தது. 2018-இல் வந்த மெக்ஸிகன் பிளேயர் வரிசையிலும் இரண்டு தூண்தான். 2021-இல் மாற்றி அமைத்த ஸ்குவையர் அஃபினிட்டிக்கும் இரண்டு தூண் வந்துவிட்டது. இப்போது அந்த வாய்மொழியை நம்பி விலை கொடுத்தால் நஷ்டம்தான்.

ஆறு ஸ்க்ரூ என்றாலும் மலிவு என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் செய்த ஹைவே ஒன், அமெரிக்கன் ஸ்பெஷல், அமெரிக்கன் பெர்ஃபார்மர் மூன்றுக்கும் ஆறு ஸ்க்ரூதான்.

ஆறு ஸ்க்ரூ இருந்தால் அடுத்து முதல் ஸ்க்ரூவுக்கும் ஆறாவது ஸ்க்ரூவுக்கும் உள்ள தூரம். மையத்தில் இருந்து மையம் கண்ணால் குறிப்பது கஷ்டம். முதல் ஸ்க்ரூவின் இடது விளிம்பில் இருந்து ஆறாவதின் இடது விளிம்பு வரை அளந்தால் அதே அளவு வந்துவிடும். 56 மில்லிமீட்டரை ஒட்டி வந்தால் அமெரிக்கப் பழைய பாணி. 52.5 வந்தால் பழைய மெக்ஸிகன் ஸ்டாண்டர்டாகவோ ஆசியாவில் செய்ததாகவோ இருக்கலாம். இந்தத் துளைகள் மரத்தில் இருப்பவை. மாற்ற வேண்டுமென்றால் பழைய துளையை மரக்குச்சியால் அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும், அந்தத் தடயம் பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் கட்டாயம் தெரியும்.

இப்போது கிட்டாரைக் குப்புறப் போட்டுப் பின் மூடியைக் கழற்றுங்கள். ஸ்ட்ரிங்கைத் தளர்த்தத் தேவையில்லை. ஸ்பிரிங்குகளின் முடிவில் பிரிட்ஜோடு சேர்ந்த உலோகக் கட்டி தெரியும். அது பாடியின் ஆழம் முழுக்க இறங்கிக் கனமாக இருந்தால் நல்ல அறிகுறி. மெல்லிய, குட்டையான வார்ப்புக் கட்டி என்றால் மலிவு வரிசை. மெலிந்த பாடிக்குள் முழுக் கட்டி வைத்தால் பின்பக்கம் துருத்தும் என்பதால்தான் குட்டையாகச் செய்கிறார்கள். மூன்றாம் படியில் பார்த்த கனமும் இதுவும் ஒன்றுக்கொன்று சாட்சி.

5. நெக்: எண்ணுங்கள், தடவுங்கள், பின்னால் பாருங்கள்

முதலில் நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளை எண்ணுங்கள். 21 அல்லது 22. பழைய மெக்ஸிகன் ஸ்டாண்டர்டு, அஃபினிட்டி, கிளாசிக் வைப், பழைய மாடல்களின் மறுபதிப்புகள் ஆகியவை 21. அமெரிக்கன் ஸ்டாண்டர்டும் அதன் வழி வந்தவையும், மெக்ஸிகன் பிளேயரும் 22. ஸ்குவையர் ஸ்டாண்டர்டு, கண்டெம்பரரி இரண்டிலும்கூட 22 உண்டு. அதனால் எண்ணிக்கையைப் பிரிட்ஜோடு சேர்த்தே படிக்க வேண்டும்:

21 ஃப்ரெட், ஆறு ஸ்க்ரூ, 52.5, முழுக் கனப் பாடி என்றால் பழைய மெக்ஸிகன் ஸ்டாண்டர்டு பக்கம் போகிறோம். 22 ஃப்ரெட், இரண்டு தூண், முழுக் கனம் என்றால் அமெரிக்கனா, மெக்ஸிகன் பிளேயரா என்ற கேள்வி மிச்சம். 21 ஃப்ரெட், இரண்டு தூண், மெலிந்த பாடி என்றால் 2021-க்குப் பிந்தைய அஃபினிட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அமெரிக்கனா, பிளேயரா என்ற அந்தக் கேள்விக்குப் பின்பக்கம் நெக் பிளேட்டைப் பாருங்கள். நான்கு ஸ்க்ரூவுக்கு நடுவில், ஆலன் கீ போகிற அளவுக்குச் சின்னதாக ஒரு துளை இருந்தால் அது நெக்கின் சாய்வைத் திருத்தும் மைக்ரோ டில்ட். அமெரிக்கன் ஸ்டாண்டர்டு வழியில் வந்தவற்றில் இது இருக்கும். மெக்ஸிகன் பிளேயர் பிளேட்டில் அந்தத் துளைக்குப் பதில் பெரிய ஃபெண்டர் 'எஃப்' எழுத்துப் பொறித்திருக்கும். பிளேட் தனியாகக் கடையில் கிடைக்கிற பொருள் என்பதால் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஆலன் ஸ்க்ரூவின் தலை தெரிய வேண்டும். வெறும் மரம் தெரிந்தால் பிளேட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இந்தத் துளை இல்லாத அமெரிக்கன் மாடல்களும் உண்டு, ஆகவே இல்லாததை வைத்து மட்டும் தள்ளிவிட வேண்டாம்.

அடுத்து விரல் பலகையின் மரம். ரோஸ்வுட், அதாவது நம் ஊர் ஈட்டி, கரும்பழுப்பில் ஊதா கலந்தாற்போல் இருக்கும். 2017-இல் ரோஸ்வுட் இனங்களின் சர்வதேச வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் கம்பெனிகள் மரத்தை மாற்றின. மெக்ஸிகன் பிளேயருக்குப் பாவ் ஃபெரோ வந்தது. அது செம்மண் சாயலில் வெளிறிய பழுப்பு. ஸ்குவையருக்கு இந்தியன் லாரல் வந்தது. லாரல் வேறொன்றுமில்லை, ஆனைமலைப் பக்கம் கருமருது என்று சொல்கிற மரத்தின் வகைதான். சாம்பல் கலந்த பழுப்பு, ரேகை பளிச்சென்று தெரியும். 2019 கடைசியில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. 2024-இல் வந்த பிளேயர் இரண்டாம் வரிசையில் ரோஸ்வுட் திரும்பிவிட்டது. ஆக, லாரல் பலகை இருக்கும் கிட்டாரை "தொண்ணூறுகளோட மெக்ஸிகன்" என்று ஒருவர் சொன்னால், நெக் மாறியிருக்கிறது அல்லது கதை மாறியிருக்கிறது. எண்ணெய் தேய்த்தால் லாரலும் கறுத்துத் தெரியும். பலகையின் முகத்தைப் பார்க்காமல் கடைசி ஃப்ரெட்டுக்கு அப்பால் உள்ள வெட்டு முனையைப் பாருங்கள், அங்கே யாரும் எண்ணெய் தேய்ப்பதில்லை.

ஒரு பக்கக் குறிப்பு. நெக்கின் ஓரத்தை மேலிருந்து கீழாகத் தடவும்போது ஃப்ரெட் முனைகள் விரலைக் கீறினால் உடனே "சீன மால்" என்று முடிவு கட்டுகிறார்கள். காற்று வறண்டு வீசும் மாதங்களில் பொள்ளாச்சியிலும் கோவையிலும் விரல் பலகை மரம் லேசாகச் சுருங்கும், உலோக ஃப்ரெட் சுருங்காது, முனை வெளியே தள்ளும். நல்ல அமெரிக்கன் நெக்கிலும் இது நடக்கும். விலை குறைக்கச் சொல்ல இது ஒரு காரணம், வகையைச் சொல்ல அல்ல.

தலையின் அளவைப் பற்றியும் கேட்பார்கள். பெரிய தலை 1965 கடைசியில் வந்து 1981 வரை இருந்த வடிவம். அதன் மறுபதிப்புகளிலும் பல அஃபினிட்டிகளிலும் அதே பெரிய தலை இருக்கிறது. பெரிய தலையைக் காட்டி "எழுபதுகளோடது" என்று சொன்னால், நெக் பிளேட்டில் எத்தனை ஸ்க்ரூ என்று திருப்பிப் பாருங்கள். 1971 கடைசி முதல் வழக்கமான மாடலில் மூன்று ஸ்க்ரூ பிளேட்தான் வந்தது.

6. திறந்து பார்த்தல்: ஜாக் பிளேட் முதலில்

எடுத்த எடுப்பில் பிக்கார்டை, அதாவது பிக்கப்பும் குமிழும் பொருத்திய முன்பக்கத் தகட்டை, திறக்காதீர்கள். அதற்கு ஸ்ட்ரிங்குகளை எடுக்க வேண்டும். விற்பவருக்கும் பொறுமை போய்விடும்.

கேபிள் செருகும் ஜாக் பிளேட்டில் இரண்டே ஸ்க்ரூ. அதைக் கழற்றி மெதுவாக வெளியே இழுத்தால் பெயின்ட் படாத மரம் கொஞ்சம் தெரியும். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். 1980-களின் கடைசியில் ஸ்குவையர் டூ என்ற பெயரில் இந்தியாவிலும் கொரியாவிலும் செய்தவற்றில் இதைப் பார்க்கலாம். இந்தியாவில் செய்ததா என்று ஆச்சரியப்பட வேண்டாம், உண்மையிலேயே செய்து ஏற்றுமதி செய்தார்கள். ஆல்டர் மரம் இளம் பழுப்பில் ஒரே சீராக இருக்கும். பாப்லரில் பச்சைச் சாயல் ஓடும்.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், அல்லது கேட்கிற விலை அமெரிக்கன் விலை என்றால், பிக்கார்டைத் திறக்கத்தான் வேண்டும். ஸ்ட்ரிங்குகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எடுங்கள்; புது செட் கொண்டுவந்தது இதற்குத்தான், பழையது முறிந்தாலும் பேச்சு வராது. ஸ்ட்ரிங் போனதும் ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைப் பின்னால் இழுக்கும், பயப்பட வேண்டாம். பிக்கார்டைத் தூக்கும்போது ஜாக்குக்கும் பின்பக்கத்துக்கும் போகும் ஒயர்கள் இழுபடாமல் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்.

உள்ளே மூன்று விஷயம் பாருங்கள். குமிழ்களுக்கு அடியில் உள்ள பாட்கள் (குமிழைத் திருப்பும்போது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகம்): 24 மில்லிமீட்டர் அகலப் பெரிய பாட்கள் அமெரிக்கனில் இருக்கும், ஸ்குவையரில் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் சின்னவை. சுவிட்ச்: தகடும் தொடுமுனையும் வெளியே தெரியும் திறந்த சுவிட்சா, பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடியதா? மூடியது மலிவு வரிசையின் அடையாளம். பிக்கப்பின் அடிப்பக்கம்: கறுப்பான காந்தப் பட்டை ஒட்டியிருந்தால் செராமிக், பட்டை இல்லாமல் ஆறு உருளைகள் மட்டும் தெரிந்தால் அவையே அல்னிகோ காந்தங்கள். பழைய மெக்ஸிகன் ஸ்டாண்டர்டில் செராமிக் உண்டு. பிளேயரில் அல்னிகோ.

இவை எல்லாம் மாற்றக்கூடியவை என்பதை மறக்க வேண்டாம். ஸ்குவையர் வைத்திருப்பவர்கள் முதலில் மாற்றுவதே பிக்கப்பைத்தான். ஒயரின் பற்றவைப்பு பளபளவென்று புதிதாக இருந்தால், அந்தப் பாகத்தைச் சாட்சிப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

மூடும்போது ஒரு பழக்கம்: ஸ்க்ரூவைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கம் திருப்புங்கள். டக்கென்று ஒரு சின்னச் சத்தத்தோடு பழைய புரியில் இறங்கும். அதன் பிறகு வலப்பக்கம் முறுக்கினால் மரம் சிதையாது.

7. இப்போது சீரியல் எண்ணைப் படிக்கலாம்

தலையின் முன்புறம் இல்லையென்றால் பின்புறம் பாருங்கள். அமெரிக்கன் கிட்டார்களில் எழுபதுகளின் கடைசிக்கு 'எஸ்', எண்பதுகளுக்கு 'ஈ', தொண்ணூறுகளுக்கு 'என்', 2000-களுக்கு 'இசட்' என்று எண் தொடங்கும். 2010 முதல் 'யுஎஸ்' எழுத்தும் ஆண்டின் இரண்டு இலக்கமும். மெக்ஸிகனில் தொண்ணூறுகளுக்கு 'எம்என்', 2000-களுக்கு 'எம்இசட்', 2010 முதல் 'எம்எக்ஸ்'. இந்தோனேசிய ஸ்குவையர்களில் 'ஐசிஎஸ்', 'ஐஎஸ்எஸ்'. சீனாவில் 'சிஜிஎஸ்', 'சிஒய்' போன்றவை. ஆண்டு ஒன்று முன்பின் இருப்பது சகஜம், அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

ஒரு எழுத்து மாறினால் விலை மாறும் இடம் 'இசட்' – 'எம்இசட்'. முன்னால் உள்ள 'எம்' சுரண்டப்பட்டிருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் வார்னிஷ் மங்கிப் பள்ளமாகத் தெரியும்.

8. சாட்சிகள் ஒத்துப்போகாவிட்டால்

கோபிப் பக்கம் ஒரு குழுவில் இருந்து விற்பனைக்கு வந்த கிட்டார் நல்ல உதாரணம். தலையில் ஃபெண்டர், சீரியல் 'எம்இசட்', 21 ஃப்ரெட், ரோஸ்வுட் பலகை, எல்லாம் மெக்ஸிகன் ஸ்டாண்டர்டுக்குப் பொருந்தியது. பாடியின் கனம் 40. பின் மூடியைத் திறந்தால் குட்டையான வார்ப்புக் கட்டி. ஜாக் பிளேட்டுக்குள் பச்சைச் சாயல் ஓடும் மரம். நெக்கும் பாடியும் சேரும் இடத்தில் மடித்த காகிதத் துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. நெக் அந்தப் பாடியில் சரியான உயரத்துக்கு உட்காராததால் யாரோ முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மெக்ஸிகன் நெக், அஃபினிட்டி பாடி.

இப்படிப்பட்டதை வாங்கக்கூடாது என்று இல்லை. அந்த நெக் நல்ல நெக், வாசிக்க சுகமாகத்தான் இருந்தது. விலை மட்டும் நெக்குக்கு ஒன்று, பாடிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கூட்டி வர வேண்டும், தலையில் உள்ள பெயருக்கு அல்ல. விற்பவரிடம் அளவுகளைக் காட்டிப் பேசினால் இந்தப் பக்கம் பெரும்பாலும் கோபப்பட மாட்டார்கள். காலிபரில் தெரிகிற எண்ணை மறுப்பது கோவைக்காரருக்குக் கொஞ்சம் சிரமம்.

நெக்கைக் கழற்றி அதன் அடியில் உள்ள தேதி முத்திரையைப் பார்க்கலாமா என்றால், இவ்வளவு பார்த்தும் முரண்பாடு தீராமல், விலையும் பெரிதாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். முழுக்க வாங்கிய பிறகு செய்வது இன்னும் நல்லது. கழற்றும்போது நான்கு ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்காக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள், காகித முட்டு எந்தத் திசையில் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதே இடத்தில் அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள்.